பாட்டியிடம் கேட்டீர்களா?

குழந்தைகளே! சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரன்ட் துறையில் கப்பலைவிட்டு இறங்கினால், எதிரே தெரியும் தீவு செந்தோசா. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. எப்படிப் போவீர்கள்?

1974-ல் தொடங்கிய கேபிள் கார் அழகுதான். ஆனால் பூங்கா வாசலில் இறக்கிவிடாது. 2007-ல் வந்த மோனோ ரயில் சில நிமிடங்களில் பூங்கா அருகே கொண்டுபோய் விடும். 2011-ல் திறந்த நடைபாலத்தில் கால் மணி நேரம் நடந்தும் போகலாம்.

என் ஓட்டு நடைக்கே! கடல் காற்றும் கிடைக்கும், காசும் மிச்சம். ஆனால், உடன் வரும் பாட்டிக்கு முழங்கால் வலியா? அப்படியென்றால் ரயில்தான். கூட்டத்தில் மெதுவாக நடப்பவருக்கு எது வசதியோ, அதுவே எல்லோருக்கும் நல்ல வழி.

திரும்பும் நேரத்தையும் முதலிலேயே கணக்குப் போடுங்கள். நேரமானால் கப்பல் கிளம்பிவிடுமே!