எடிட்டரைச் சென்றடையாத விசை

கச்சிபௌலியில் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுள் கணினித் தொழிலில் இருப்போர் பலர். டெர்மினலுக்குள் விம் போன்ற எடிட்டர்களை வைத்து வேலை செய்வோர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. கண்ட்ரோல் விசையுடன் ஐ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் நடக்குமாறு ஒரு கட்டளையை அமைத்தால், டேப் விசையை அழுத்தினாலும் அதுவே நடந்துவிடுகிறது. ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினாலோ, அது அழுத்தப்பெற்றதாகவே எடிட்டர் கருதுவதில்லை. பழி எடிட்டர்மேல் விழுகிறது. அது நியாயமன்று என்பது நம் கருத்து.

எடிட்டர் நம் விரல்களைக் காண்பதில்லை. டெர்மினல் எண்களாக்கி அனுப்புவதையே அது படிக்கிறது. 1963-இல் வெளியான ஆஸ்கி அட்டவணையை ஒட்டிய வழக்கில், கண்ட்ரோல் தனியே ஓர் எண்ணாகச் செல்வதில்லை. பெரிய எழுத்தின் எண்ணில் 64-ஐக் குறைப்பதே அதன் தொழில். ஐ எழுத்தின் எண் 73, குறைத்தால் 9. டேப்பின் எண்ணும் 9! அவ்வாறே கண்ட்ரோலுடன் எம் சேர்ந்தால் 13, என்டரும் அதுவே. சிறிய எழுத்தாயினும் பெரிய எழுத்தாயினும் விடை ஒன்றாதலின், ஷிஃப்ட் வழியிலேயே மறைகிறது. 1978-இல் வந்த விடி-100 கருவியின் நடையை இன்றைய டெர்மினல்களும் பின்பற்றுவதால் இக்குறை தொடர்கிறது.

அம்பு விசைகளுக்கு இத்துன்பம் குறைவு. அவற்றோடு ஷிஃப்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கண்ட்ரோலுக்கு 4 எனக் கூட்டி, மேலும் ஒன்று சேர்த்த எண் உடன்செல்லும். கண்ட்ரோல் மட்டுமாயின் 5.

இக்கணக்கை எழுத்துகளுக்கும் விரிப்பதே பரிகாரம். எக்ஸ்டெர்ம் முன்பே இதற்கு வழி செய்திருந்தது. காலிபர் என்னும் மின்னூல் மென்பொருளை ஆக்கிய நம் நாட்டவர் கோவித் கோயல், தம் கிட்டி டெர்மினலுக்காக இதனை இன்னும் செம்மையாக வகுத்தார். அம்முறையில் கண்ட்ரோலுடன் ஐ என்பது 105, 5 என்று செல்லும், டேப்போடு குழப்பமில்லை. ஆயினும் எடிட்டர் அதனைக் கேட்க வேண்டும். டெர்மினல் அதனை அறிந்திருக்க வேண்டும். இடையில் டிமக்ஸ் இருந்தால் அதுவும் வழிவிட வேண்டும். அதற்கென அதில் எக்ஸ்டென்டட்-கீஸ் என்னும் அமைப்பு உண்டு. மூவரில் ஒருவர் வாளாவிருந்தாலும் பழைய 9 தான் வந்து சேரும்.

தமிழ் 99 விசைப்பலகையில் எழுதும் அன்பர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். தமிழ் எழுத்து எதற்கும் ஆஸ்கியில் எண் இல்லையாதலின், கண்ட்ரோலுடன் ககரத்தை அழுத்தினால் பழைய முறையில் அனுப்புதற்கு எண்ணே கிடையாது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஆங்கில அமைப்புக்கு மாறித் திரும்புவோர் நம்மிடையே உளர். கிட்டியின் முறையிலோ, அவ்விசை ஆங்கிலப் பலகையில் எவ்வெழுத்துக்கு உரியது என்பதையும் உடன் அனுப்ப இடமுண்டு. தம் எடிட்டர் அதனைக் கேட்டுப் பெறுகிறதா என்று அன்பர்கள் பார்த்துக்கொள்வார்களாக.