பெயர்ப்பலகைக்குக் காவல்

1949இல் நெதர்லாந்தில் தொடங்கிய மொழியியல் பத்திரிகையான 'லிங்குவா' இன்னும் வெளிவந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். வருவது பெயர் மட்டுமே என்பது என் கட்சி.

2015 அக்டோபரில் அதன் ஆசிரியர்கள் 6 பேரும் ஆலோசனைக் குழுவின் 31 பேரும் ஒருசேர விலகினார்கள். கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்க வேண்டும். வெளியீட்டுக் கட்டணம் 400 யூரோவைத் தாண்டக் கூடாது. பதிப்புரிமை எழுதியவனிடமே இருக்க வேண்டும். பத்திரிகையின் பெயர் ஆசிரியர்களுக்குச் சொந்தமாக வேண்டும். இவைதாம் அவர்கள் கேட்டவை. எல்ஸெவியர் நிறுவனம் கட்டுப்படியாகாது என்றது. ஆராய்ச்சிப் பதிப்பில் 35 சதவீதத்துக்கு மேல் லாபம் காண்கிற நிறுவனத்தின் கட்டுப்படி அது. விலகியவர்கள் யோஹான் ரோரிக் தலைமையில் 2016இல் 'க்ளோஸா'வைத் தொடங்கினார்கள். 'லிங்குவா'வில் புதிய ஆசிரியர்கள் வந்து அமர்ந்தார்கள்.

வியாபாரி வியாபாரம் செய்கிறான். அவனோடு எனக்குப் பேச்சில்லை. என் சண்டை வந்து அமர்ந்தவர்களோடு. இவர்கள் படித்தவர்களாகவே இருக்கலாம். பத்திரிகை தொடர வேண்டுமென்றால் யாராவது பொறுப்பேற்கத்தானே வேண்டும் என்பது இவர்கள் தரப்பில் சொல்லப்படும் நியாயம். தொடர்வது எது? ஆராய்ச்சிப் பத்திரிகையில் எழுதுகிறவனுக்குச் சன்மானம் கிடையாது. பரிசீலித்துச் சொல்கிறவனுக்கும் பொதுவாகக் கிடையாது. எதை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்ற தீர்ப்புதான் அங்கே உண்மையான முதல். ஒரு குழு வருஷக்கணக்கில் கறாராகத் திருப்பி அனுப்பியதால் அந்தப் பெயருக்கு மதிப்பு வந்தது. ஆளோடு வந்த தீர்ப்பு ஆளோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது பேரேட்டில் 'குட்வில்' என்று எழுதப்படுகிற தொகை.

அந்தத் தொகையைப் புதியவர்கள் எப்படி அனுபவிக்கிறார்கள் என்று பார்க்கலாம். பத்திரிகைகளை எடைபோட 'இம்பாக்ட் ஃபாக்டர்' என்றொரு எண் இருக்கிறது. முந்தைய 2 ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் ஓர் ஆண்டில் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது. ஆக, 2016க்கான எண் 2014, 2015 கட்டுரைகளிலிருந்து வருகிறது. அவை விலகியவர்கள் தேர்ந்தெடுத்தவை. அவர்கள் உழைப்பு, நாற்காலியில் வந்து அமர்ந்தவர்களின் கணக்கில் வரவாகிறது. அப்போதுதான் பிறந்த 'க்ளோஸா'வுக்கோ அந்த ஆண்டு எண்ணே கிடையாது. வேலை தேடும் இளம் ஆராய்ச்சியாளன் எங்கே அனுப்புவான்? எண் உள்ள இடத்துக்குத்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கட்டுரையைப் படிக்காமல் எண்ணைப் பார்த்து வேலை கொடுக்கிறார்களே, அந்தப் பேராசிரியர்களைச் சொல்ல வேண்டும். படித்துத் தீர்ப்புச் சொல்லத் திராணியற்றவனுக்குத்தான் முத்திரை தேவைப்படுகிறது. புதிய ஆசிரியர்கள் காவல் காப்பது இந்தச் சோம்பலைத்தான்.

வேறு முடிவும் சாத்தியம். 1962இல் தொடங்கிய கணிதப் பத்திரிகை 'டோபாலஜி'யின் குழு முழுவதும் நூலகச் சந்தா விலையை எதிர்த்து 2006இல் விலகியது. 2008இல் லண்டன் கணிதக் கழகத்தின் சார்பில் 'ஜர்னல் ஆஃப் டோபாலஜி' வந்தது. பழையது 2009உடன் நின்றது. கணிதம் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. 2023இல் 'நியூரோஇமேஜ்' பத்திரிகையின் 40க்கு மேற்பட்ட ஆசிரியர்கள், கட்டுரைக்கு 3,450 டாலர் கட்டணம் என்பதை எதிர்த்து விலகினார்கள். அங்கே நாற்காலிகள் மறுபடி நிரம்பின.

காலியான நாற்காலி காரணத்தோடு காலியாயிருக்கிறது. அதில் உட்காரச் சொல்லி அழைப்பு வரும்போது மறுத்து ஒரு வரி எழுதினால் போதும். வேறு தியாகம் எதுவும் கேட்கப்படவில்லை. ஒரு பத்திரிகையைக் கொண்டுவருவதைப் போலவே, நிற்க வேண்டிய நேரத்தில் அதை நிற்க விடுவதும் ஆசிரியனின் வேலைதான். அந்த ஒரு வரியை எழுத முடியாதவர்கள் பிறர் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் தகுதியை எங்கிருந்து பெறுகிறார்கள்?