காலைப் பலகாரமும் களைக்கொல்லியும்

குடவாசல் போன்ற ஊர்களின் கடைவீதியிலுங்கூட இப்பொழுது ஓட்ஸ் பொட்டலங்கள் விலைக்கு வருகின்றன. பழைய சோற்றை இகழ்ந்து அவற்றை நாடும் அன்பர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தல் நலம்.

குளிர்ந்த தேசங்களில் ஓட்ஸ் கதிர் ஒரே சீராகக் காய்வதில்லை. ஆகவே, அங்குள்ள குடியானவர்களிற் சிலர் அறுவடைக்குச் சற்று முன்பாகக் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பயிரின்மீதே தெளித்து அதை உலரச் செய்வார்கள். அம்மருந்தின் எச்சம் தானியத்தோடு நம் கிண்ணத்திற்கு வந்து விடுகிறது.

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், இம்மருந்து அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று 2015-ல் கூறிற்று. அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா அதை ஒப்பவில்லை. வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும், கெல்லாக் கம்பெனியார் தம்முடைய முக்கியச் சந்தைகளுக்காக வாங்கும் கோதுமையிலும் ஓட்ஸிலும் இவ்வாறு உலர்த்தும் வழக்கத்தை 2025 முடிவதற்குள் அகற்ற முயல்வதாக 2020-ல் அறிவித்தனர். சட்டம் எதுவும் அவர்களை வற்புறுத்தவில்லை. தங்கள் உணவில் என்ன இருக்கிறதென்று ஜனங்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

நாம் நெல்லை வெயிலில் உலர்த்துகிறோம் என்பது மெய்தான். ஆனால், களை பறிக்க ஆள் கிடைக்காமையால் தஞ்சைத் தரணியிலும் களைக்கொல்லி புகுந்துவிட்டது. கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புத் தொழிலுக்கு உரிமம் பெற்றவர்களே தெளிக்கலாம் என்று இந்திய சர்க்கார் 2022 அக்டோபரில் உத்தரவிட்டனர். உத்தரவு பிறப்பது டில்லியில். மருந்து தெளிப்பதோ நம் வரப்பில்.

இனி அரிசி வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், களையை எவ்விதம் நீக்கினார்கள் என்றும் கேட்போமாக. கேட்பார் பலரானால் விடை சொல்லுவாரும் தோன்றுவர்.