அவசரமில்லாத இராப்போஜனம்



பிழைப்பை நாடி இந்த ஹைதராபாத் நகருக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், மாதத்திற்கு ஒருமுறை சிநேகிதரோடு வெளியே சென்று இராவுணவு உண்ணும் வழக்கம் பெருகியிருக்கிறது. "ஊழியக்காரர் ஓட்டல் சாப்பாட்டைப் பற்றியா எழுதுவது?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அந்த மேசையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அதை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். வேதாகமக் கல்லூரியில் பயின்ற நாட்களில், மணி அடித்ததும் பத்து நிமிடத்திற்குள் தட்டைக் கழுவி வைத்துவிட வேண்டும். அந்த வேகம் ஐம்பது வயதைக் கடந்தும் என்னை விட்டு நீங்கவில்லை. மற்றவர்கள் பாதி உண்டு முடிப்பதற்குள் நான் மோருக்கு வந்துவிடுவேன். "யாராவது உங்களைத் துரத்துகிறார்களா?" என்று என் மனைவி கேட்பதுண்டு.

இத்தகைய எனக்கு நிதானத்தைக் கற்பித்தது இந்நகரத்து அடுப்புகளே. இங்குள்ள கச்சி பிரியாணியைச் சற்றுக் கவனியுங்கள். மசாலாவும் தயிரும் சேர்த்து ஊறவைத்த பச்சை இறைச்சியைப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, அரைவேக்காட்டுச் சோற்றை அதன்மேல் இட்டு, மூடியின் விளிம்பைப் பிசைந்த மாவினால் அடைத்து, இளந்தணலில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று நடுவில் திறந்து பார்க்க வழியில்லை. இறைச்சியும் சோறும் ஒரே வேளையில் பதமாக வேண்டும். பொறுமையற்றவனுக்கு இந்தச் சமையல் வாய்க்காது. ரம்ஜான் மாதத்து ஹலீமோ இன்னும் பொறுமையைக் கேட்பது. கோதுமையும் ஆட்டிறைச்சியும் பருப்பும் நெய்யும் செங்கல் அடுப்பின்மேல் பல மணி நேரம் வெந்து, மரத்தடியினால் இடிக்கப்பட்டு, பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. அதற்கு 2010-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹைதராபாத்தை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. நம்மவர்களில் சிலர் இன்னமும் "நம் ஊர் பிரியாணிக்கு ஈடாகுமா?" என்று வாதிடுகிறார்கள். திண்டுக்கல்லையும் ஆம்பூரையும் விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. ஆகிலும் மிர்ச்சி கா சாலனைத் தொட்டுக்கொண்ட பின்பு வாதம் சற்றுத் தணிந்துவிடுகிறது.

ஈரானி ஓட்டல்களும் இப்படியே. தேயிலைச் சாறு மூடிய பாத்திரத்தில் தனியே கொதித்துக்கொண்டிருக்கும். பால் வேறொன்றில் சுண்டிக்கொண்டிருக்கும். கோப்பையில்தான் இரண்டும் சந்திக்கும். ஒரு கோப்பை தேநீரையும் இரண்டு உஸ்மானியா பிஸ்கோத்துகளையும் வைத்துக்கொண்டு ஒருவர் வெகுநேரம் அமர்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்லாத இடங்களாக அவை இருந்தன. அவற்றில் பல மூடப்பட்டுவிட்டன. மிஞ்சியிருப்பவற்றிலாவது உங்கள் பிள்ளைகளை ஒருமுறை அமரச் செய்யுங்கள்.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்து குடும்பத்தார் சேர்ந்து சிகந்தராபாத்தில் ஓர் உணவகத்திற்குச் சென்றோம். எங்களில் மூத்தவர் லாலாகூடா ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். எல்லாரிலும் இளையவர் மாதாப்பூரில் கணினிப் பணியில் இருந்த ஒரு தம்பி. மனைவியும் சிறு குழந்தையும் உடனிருந்தார்கள். நாங்கள் கபாபும் பிரியாணியும் வரவழைத்தோம். அந்தத் தம்பியோ தனக்கு ரொட்டியும் பருப்பும் போதும் என்றார். "இரவில் மாமிசம் ஒத்துக்கொள்வதில்லை, ஐயா" என்றார். நாங்கள் அவரைக் கேலி செய்துகொண்டே இன்னும் இரண்டு வகைகளுக்குச் சொன்னோம். பேச்சும் சிரிப்புமாக மூன்று மணி நேரம் கடந்தது. நானும் அன்று மெதுவாகவே உண்டேன்.

பில் வந்தது. ஆறாயிரத்து அறுநூறு ரூபாய். "ஐந்தாகப் பகிர்ந்துகொள்வோமே, அதுதான் சுலபம்" என்று சொன்னவன் வேறு யாருமல்ல, நானே. அந்தத் தம்பி ஆயிரத்து முந்நூற்று இருபது ரூபாயை எண்ணி வைத்தார். கடைசியில் வைத்தவை பத்து ரூபாய் நோட்டுகள். அவருடைய மனைவி குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார். இவையெல்லாம் பிற்பாடுதான் என் நினைவுக்கு வந்தன. அன்று கண் கண்டும் மனம் காணவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தச் சகோதரி என் மனைவியிடம் மனம் திறந்தார். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. குழந்தையின் பள்ளி வேனுக்கென்று எடுத்துவைத்த பணம் அது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கொரிந்து சபையாரின் பந்தியில் இருப்பவன் உண்டு நிறைய, இல்லாதவன் பசியோடு வெட்கப்பட்டதைக் குறித்துப் பவுல் கடிந்துகொண்டதை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று, "தம்பி, என்னை மன்னித்துவிடுங்கள். முடியாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "சொன்னால் அடுத்த முறை எங்களைக் கூப்பிடாமல் விட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன், ஐயா. இந்த ஊரில் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார்.

வாசகர்களே, வசதி குறைந்தவரை அழைக்காமலிருப்பதே அவருக்குச் செய்யும் தயவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவர் பயந்ததோ அதற்குத்தான்.

லாலாகூடா பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் வருத்தத்தோடு சிரித்தார். "எங்கள் காலத்தில் கையில் காசுள்ளவன் கை கழுவப் போவதுபோல எழுந்து கல்லாவுக்குப் போய்விடுவான், பாஸ்டர். பில் மேசைக்கே வராது" என்றார். இப்பொழுது நாங்கள் செல்லும் இடத்தையும் ஆகும் செலவையும் முன்பே பேசிக்கொள்கிறோம். சில மாதங்களில் ஈரானி தேநீரோடும் சமோசாவோடும் நிறுத்திவிடுகிறோம், பேச்சு குறைவதில்லை. பில்லையும் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைக் கொடுத்தே ஆகவேண்டும். சேவைக் கட்டணம் அப்படியன்று. அதைத் தாமாகவே சேர்த்து வசூலிக்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அறிவித்தது; 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதை நீக்கச் சொல்ல நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் மூன்று மணி நேரம் நமக்காக நின்ற சர்வரின் கையில் தாராளமாகக் கொடுங்கள்.

அந்தத் தம்பிக்குப் பின்பு கச்சிபௌலியில் நல்ல வேலை கிடைத்தது. சென்ற மாதம் மீண்டும் எல்லாரும் கூடினோம். இம்முறை அவரே பிரியாணி கேட்டு வாங்கி, எலும்பைக்கூட விட்டுவைக்காமல் உண்டார். குபானி கா மீட்டா வருவதற்கு முன்பு, கை கழுவி வருவதாகச் சொல்லி எழுந்து போனார். திரும்பி வர வெகுநேரமாயிற்று. லாலாகூடா பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.