சோற்றின் மேல் ஏன் பழி?

வெள்ளாங்குளத்தில் இப்போது மெலிய நினைப்பவர்கள் முதலில் விடுவது இரவுச் சோற்றைத்தான். என் மச்சாளும் விட்டுவிட்டாள். பதிலுக்குக் குரக்கன் பிட்டு, கைநிறையத் தேங்காய்ப்பூ, மேலே சீனி. பிறகு சீனி போட்ட தேத்தண்ணி. "சோறே தொடேல்லை, ஏன் மெலியேல்லை?" என்று கேட்கிறாள்.

குரக்கனில் நார்ச்சத்து அதிகம், நல்லதுதான். ஆனால் அரிசி மாவுக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. தேங்காய்ப்பூவில் உள்ள கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, சீனி 4. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியுள்ள சோடாப் போத்தலுக்கு 2016 முதல் நம் நாட்டில் சிவப்புக் குறி உண்டு. தேத்தண்ணிக் கோப்பைக்கு அது இல்லை.

சோற்றை விடாதீர்கள், அளவைக் குறையுங்கள். கீரையையும் மீனையும் கூட்டுங்கள். முதலில் சீனிக் கரண்டியைக் கீழே வையுங்கள்.