காயத்தோடு வந்தார்கள் என்பது விடையல்ல

அகதிகள் போரையும் சித்திரவதையையும் கண்டு மனக்காயத்தோடு வருகிறவர்கள், ஆகவே அவர்கள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டால் தடுப்பு முகாம் அதற்குப் பொறுப்பல்ல என்பது ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் வாதம். இதன் முற்பாதி உண்மை. பிற்பாதி அதிலிருந்து பிறக்கவில்லை.

ஒன்று: பழைய காயமே முழுக் காரணம் என்றால், எங்கே வைத்தாலும் பாதிப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் முதல் 2015 ஜூலை வரையிலான அரசுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஊருக்குள் வாழ விடப்பட்ட புகலிடக் கோரிக்கையாளர்களில் ஆயிரம் பேருக்கு 5 தன்காயச் சம்பவங்கள். நவூரு தீவில் ஆஸ்திரேலியா வைத்திருந்த தடுப்பு முகாமில் 260. இந்த இடைவெளியைப் பழைய போர் விளக்குமா?

இரண்டு: மனம் அதிகம் நொந்தவர்களே நவூருவுக்குப் போனார்களா? இல்லை. படகில் வந்ததும் வந்த தேதியுமே முதன்மையாக அதைத் தீர்மானித்தன; மனம் எவ்வளவு நொந்திருந்தது என்பது அல்ல.

மூன்று: தம்மைக் காயப்படுத்திக்கொண்டு விசாவுக்காக மிரட்டுகிறார்கள் என்பார்கள். ஊருக்குள் இருந்தவர்களும் விசாவுக்குத்தானே காத்திருந்தார்கள்? அவர்களிடம் ஏன் இது அரிதாக இருந்தது?

நான்கு: எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2017 நவம்பர் முதல் நவூருவில் சிகிச்சையளித்த 208 அகதிகள், புகலிடக் கோரிக்கையாளர்களில் 63 பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். முடிவு தெரியாத காத்திருப்பே அவர்களைக் குலைத்தது என்றது அந்த அமைப்பு. 2018 அக்டோபரில் நவூரு அரசு அதை வெளியேற்றியது.

காயத்தோடு வருகிறார்கள் என்று தெரிந்தே அடைத்துவைப்பவரின் பொறுப்பு கூடுமா, குறையுமா? கூடும். முன்பே அறிந்த ஆபத்து யாரையும் விடுவிக்காது. தடுக்கும் கடமையைத்தான் சுமத்தும்.