மறுமுனையில் நின்றவர் யார்?

கிரிக்கெட் ஆட்டத்தில் எத்தகைய வீரரும் தனித்து நின்று துடுப்பெடுத்தாட இயலாது. 22 யார் நீளமுள்ள ஆடுதளத்தின் இரு முனைகளிலும் இருவர் நிற்றல் வேண்டும். 10 விக்கெட்டுகள் வீழ்ந்த பின்னர் எஞ்சியிருப்பவர் எவ்வளவு வல்லவராயினும், துணையில்லாத காரணத்தால் அவரும் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். பந்து வீச்சும் அப்படியே. ஓர் ஓவர் இம்முனையிலிருந்து வீசப்பட்டால், அடுத்த ஓவரை அம்முனையிலிருந்து வேறொருவர் வீசுதல் வேண்டும்.

ஆனால், நமது ஞாபகம் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. சாதனை புரிந்தவரின் பெயரும், ஆண்டும், எண்ணிக்கையும் நம் மாணவர்களின் நாநுனியில் நிற்கின்றன. அப்போது அவருடன் நின்றவர் யாரென்று கேட்டால் மௌனமே விடையாகிறது. பாடசாலைகளில் நடைபெறும் பொது அறிவுப் போட்டிகளிலும் வினாக்கள் முதலாமவரைப் பற்றியே அமைகின்றன. ஆதலால் இவ்வாரம் நாம் சற்று வழிமாறி, மறுமுனையில் நின்றவர்களைப் பற்றியே ஆறு வினாக்களைத் தொடுக்கிறோம். தந்தையரும் மைந்தரும், அண்ணன்மாரும் தங்கையரும் ஒன்றாக அமர்ந்து விடைகளை எழுதிப் பார்க்கலாம். விடைப் பகுதியை ஒரு தாளால் மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

வினாக்கள்

1. முதலாவது டெஸ்ட் போட்டி 1877ஆம் ஆண்டு மார்ச் மாதம் மெல்பேணில் நடைபெற்றது. அவுஸ்திரேலியாவின் முதல் இனிங்ஸில் சார்ள்ஸ் பனர்மன் 165 ஓட்டங்கள் பெற்றார். அந்த இனிங்ஸில் அவருக்கு அடுத்தபடியாக அதிக ஓட்டங்கள் பெற்றவர் யார்? எத்தனை ஓட்டங்கள்?

2. 1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் திகதி, லண்டன் ஓவல் மைதானத்தில் டொன் பிராட்மன் தமது கடைசி டெஸ்ட் இனிங்ஸில் ஓட்டம் எதுவும் பெறாது ஆட்டமிழந்தார். அவ்வேளை மறுமுனையில் நின்றவர் யார்? அவர் பெற்ற ஓட்டங்கள் எத்தனை?

3. 1956ஆம் ஆண்டு மான்செஸ்டரில் ஜிம் லேக்கர் அவுஸ்திரேலியாவின் 20 விக்கெட்டுகளில் 19ஐ வீழ்த்தினார். மீதி ஒன்றை வீழ்த்தியவர் யார்? அவ்விருவருள் அதிக ஓவர்கள் வீசியவர் எவர்?

4. 1960ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிஸ்பேனில் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய போட்டி, டெஸ்ட் சரித்திரத்திலே முதன்முறையாக ஓட்ட எண்ணிக்கை சமமாகி முடிவுற்றது. கடைசி ஓவரை வீசியவர் வெஸ் ஹோல். கடைசி விக்கெட்டை எறிந்து வீழ்த்தியவர் யார்?

5. 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில், டில்லியில், பாக்கிஸ்தானின் 10 விக்கெட்டுகளையும் ஒரே இனிங்ஸில் அனில் கும்பிளே வீழ்த்தினார். பத்தாவது விக்கெட் அவருக்கே கிடைக்கவேண்டும் என்பதற்காக மறுமுனையிலிருந்து விக்கெட்டுக்கு வெளியே பந்து வீசியவர் யார்?

6. 2010ஆம் ஆண்டு ஜூலையில், காலியில், முத்தையா முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்றார். அந்தப் பந்தைப் பிடியெடுத்தவர் யார்?

விடைகள்

1. டொம் கரெட். ஆட்டமிழக்காது அவர் பெற்ற ஓட்டங்கள் 18 மாத்திரமே! அவுஸ்திரேலியா பெற்ற மொத்தம் 245. விரலிலே காயமுற்றுப் பனர்மன் வெளியேறும்போது 165 அவருடையவை. மற்றைய 10 பேரும் உதிரி ஓட்டங்களும் சேர்ந்து தந்தவை 80. முடிவுற்ற ஓர் இனிங்ஸின் மொத்த ஓட்டங்களில் நூற்றுக்கு 67 வீதத்தை ஒருவரே பெற்ற அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் விஞ்சவில்லை. ஆயினும், சொற்ப ஓட்டங்களே பெற்ற அவர்கள் மாறி மாறி மறுமுனையில் நின்றிராவிட்டால் பனர்மனின் 165 எங்கே?

2. ஆதர் மொரிஸ். அவர் பெற்றவை 196 ஓட்டங்கள்! பிராட்மனுக்கு 4 ஓட்டங்கள் கிடைத்திருந்தால் அவருடைய சராசரி சரியாக 100 ஆகியிருக்கும். எரிக் ஹொலிஸ் வீசிய இரண்டாவது பந்திலே விக்கெட் சரிந்தது; சராசரி 99.94இல் நின்றுவிட்டது. இங்கிலாந்து முதல் இனிங்ஸில் 52 ஓட்டங்களுக்கே சுருண்டிருந்தமையால், அவுஸ்திரேலியா மீண்டும் ஆடவேண்டிய தேவையே எழவில்லை. உலகம் அந்தப் பூச்சியத்தை மறக்கவில்லை. அதே இனிங்ஸின் 196ஐ நினைப்பவர் சிலரே.

3. டொனி லொக். முதல் இனிங்ஸில் ஜிம் பேர்க்கை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். இரு இனிங்ஸிலும் லேக்கர் வீசியவை 68 ஓவர்கள். லொக் வீசியவை 69. ஒரே ஆடுதளம், ஏறத்தாழ ஒரே உழைப்பு. பலனோ ஒருவருக்கு 19, மற்றவருக்கு 1. லொக் சாமானியரல்லர், டெஸ்ட் ஆட்டங்களில் 174 விக்கெட்டுகள் பெற்றவர். ஓட்டங்களை எளிதில் கொடாது அவர் மறுமுனையை அடைத்து நின்றதும் அன்றைய வெற்றியின் ஒரு பகுதியே.

4. ஜோ சொலமன். அக்காலத்து அவுஸ்திரேலியாவில் ஓர் ஓவருக்கு 8 பந்துகள். ஏழாவது பந்தில் வெற்றி ஓட்டத்துக்காக விரைந்த இயன் மெக்கிப் எல்லையை எட்டுமுன், பக்கவாட்டில் நின்ற சொலமனின் எறி விக்கெட்டைத் தகர்த்தது. அவர் நின்ற கோணத்தில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தடிதான். சற்று முன்னர், 80 ஓட்டங்களுடன் வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்த அலன் டேவிட்சனையும் எறிந்து வீழ்த்தியவர் அவரே. இரு அணிகளும் பெற்ற மொத்த ஓட்டங்கள் 737 வீதம். இத்தகைய முடிவு டெஸ்ட் ஆட்டத்தில் இன்னும் ஒரேயொரு தடவைதான் நேர்ந்தது: 1986இல் சென்னையில், இந்தியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில். இரு போட்டிகளிலும் வீசப்படாது எஞ்சிய பந்து ஒன்றே என்பது வியப்புக்குரியது.

5. ஜவகல் ஸ்ரீநாத். ஒன்பது விக்கெட்டுகள் கும்பிளேயின் கணக்கிற் சேர்ந்தபின், பத்தாவது தம் கைக்கு வந்துவிடலாகாதென்று அவர் பந்தை விலக்கி விலக்கி வீசினார். 1956இல் லொக் முயன்றும் விக்கெட் கிட்டவில்லை. 1999இல் ஸ்ரீநாத் கிட்டக்கூடியதையும் வேண்டாமென விட்டார். லேக்கருக்குப் பின் இச்சாதனையைப் புரிந்த முதல்வர் என்ற பெருமை கும்பிளேக்கு வாய்த்தது.

6. மஹேல ஜயவர்தன. முரளிதரன் தமது கடைசிப் போட்டிக்கு வந்தபோது அவர் கணக்கில் இருந்தவை 792. தேவைப்பட்டவை எட்டு, எட்டும் கிடைத்தன. இந்திய வீரர் பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் பட்ட பந்து ஸ்லிப்பில் நின்ற ஜயவர்தனவின் கைகளிலே தங்கியது. முரளிதரன் டெஸ்ட் ஆட்டத்தில் வீசிய கடைசிப் பந்தும் அதுவே.

இந்த ஜயவர்தன யார்? 2006ஆம் ஆண்டு கொழும்பில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 374 ஓட்டங்கள் குவித்தவர். அன்று இலங்கை 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகளை இழந்திருந்த வேளையில் அவருடன் இணைந்து, 287 ஓட்டங்கள் பெற்று மறுமுனையைக் காத்தவர் குமார் சங்கக்கார. இருவரும் சேர்த்த 624 ஓட்டங்களை டெஸ்ட் ஆட்டத்தில் வேறெந்த இணையும் எட்டியதில்லை. 2006இல் முன்னணியில் நின்றவரே 2010இல் இன்னொருவரின் சாதனைக்குக் கை கொடுத்தார். அந்த 800க்குள் அவர் பிடித்த பிடிகளும் அடக்கம்.

ஆறு வினாக்களுக்கும் சரியான விடை எழுதியவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மூன்றுக்கு எழுதியவர்களும் தாழ்ந்தவர்களல்லர். மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம்: சாதனை ஒன்றைப் படிக்கும்போது, அன்றைய ஆட்டத்தின் ஓட்டப் பட்டியலை முழுவதும் படியுங்கள். ஞாபகம் ஒருவரையே வைத்துக்கொள்கிறது. பட்டியலோ உழைத்த அனைவரையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு வரை சிந்திக்க ஒரு வினா: 1877இல் நடந்தது முதலாவது டெஸ்ட் போட்டியேயன்றி, முதலாவது சர்வதேச ஆட்டம் அன்று. அது 1844ஆம் ஆண்டிலேயே நடந்துவிட்டது. ஆடிய இரு நாடுகளில் இங்கிலாந்தும் இல்லை, அவுஸ்திரேலியாவும் இல்லை. அந்நாடுகள் எவை?